பல் இம்பிளான்ட்டைச் சுற்றித் தாடை எலும்பில் ஏறும் தகைப்பைக் கணினியில் கணக்கிடுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல் இல்லாத இடத்தில் டைட்டேனியத் திருகு ஒன்றைத் தாடை எலும்புக்குள் இறக்கி, அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துவதுதான் இம்பிளான்ட். கடிக்கும்போது அந்த விசையால் எலும்பில் தகைப்பு (ஒரு சதுர மில்லிமீற்றரில் ஏறும் விசை, மெகாபஸ்காலில் சொல்வது) எங்கே, எவ்வளவு வருகிறது என்று உயிருள்ள வாய்க்குள் அளந்து பார்க்க முடியாது. அதனால்தான் முடிவுறு மூலக முறையில், அதாவது வடிவத்தைக் கணுக்களில் இணையும் சிறு துண்டுகளாக (மூலகங்களாக) பிரித்து வலையாக்கிக் கணக்கிடும் முறையில், கணினி மாதிரி கட்டுகிறோம்.

நீங்கள் ஒலுவிலில் பொறியியல் படிக்கும் இறுதியாண்டு மாணவராக இருக்கலாம். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வேலை செய்துகொண்டு மேற்படிப்புக்கு ஆய்வுத் தலைப்புத் தேடும் பல் வைத்தியராகவும் இருக்கலாம். நான் இந்த வேலையில் இறங்கியபோது பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இருக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகள் முடிவைச் சொல்லும். எந்தக் கடிதம் யாருக்குப் போக வேண்டும், எலும்பின் கோப்பு ஏன் வலையாக மாற மறுக்கிறது என்பதெல்லாம் அவற்றில் இராது. அந்த இடைவெளிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். கணினி கணக்குப் போடும் நேரம் சொற்பம். காலம் போவது இரண்டு இடங்களில்: அனுமதிக் கடிதங்களிலும், எலும்பின் வடிவத்தைத் துப்புரவாக்குவதிலும். இவற்றை ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று வைத்தால் ஆண்டு போய்விடும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுவதற்கு ஏற்றபடியே கீழே உள்ள ஒழுங்கு இருக்கிறது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"இம்பிளான்ட்டைச் சுற்றிய தகைப்பு" என்பது தலைப்பு மட்டும்தான். "3.5, 4.1, 4.8 மில்லிமீற்றர் விட்டங்களில், சாய்வான சுமையின்கீழ் கழுத்துப் பகுதி எலும்பின் அமுக்கத் தகைப்பு எப்படி மாறுகிறது?" என்பது கேள்வி. மாறுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். விட்டம், வெளியெலும்பின் தடிப்பு, திருகின் சாய்வு, மேலே வரும் பல்லின் பொருள் ஆகியவற்றில் ஒன்றைப் பிடித்து மற்ற எல்லாவற்றையும் நிலையாக வையுங்கள். நான்கையும் மும்மூன்று அளவுகளில் ஒன்றாக மாற்றினால் 81 கணக்குகள் வரும். எந்த மாற்றம் எதனால் வந்தது என்று சொல்லவும் முடியாது.

இந்த முறை ஒப்பீட்டுக்குத்தான் மிக நம்பகமானது. "இந்த நோயாளியின் எலும்பு இத்தனை மெகாபஸ்கால் தாங்கும்" என்று சொல்ல ஆசைப்பட வேண்டாம். "இதைவிட அது குறைவு, இந்த அளவுக்குக் குறைவு" என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

2. மேற்பார்வைக்கு இருவரைப் பிடியுங்கள்

ஒருவர் பொறியியல் பக்கம், ஒருவர் பல் மருத்துவப் பக்கம். பொறியியலாளர் மட்டும் இருந்தால் வலை அழகாக இருக்கும். திருகு மட்டும் எந்தப் பல் வைத்தியரும் வைக்காத இடத்தில் நிற்கும். பல் வைத்தியர் மட்டும் இருந்தால் எல்லை நிபந்தனையை (மாதிரியை எங்கே பிடித்து, எங்கே சுமை கொடுக்கிறோம் என்பதை) கேள்வி கேட்க ஆள் இல்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் ஒலுவிலிலேயே இருக்கிறது. பல் மருத்துவப் பக்கத்துக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற இடங்களில் உள்ள வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவினரையோ, பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் படித்த உங்கள் ஊர்க்காரர் ஒருவரையோ அணுகுங்கள். முதல் சந்திப்புக்கு அந்த ஒரு வரிக் கேள்வியையும் கையால் வரைந்த ஒரு படத்தையும் கொண்டுபோனால் போதும்.

3. நெறிமுறைக் குழு விண்ணப்பத்தை முதல் கிழமையிலேயே தொடங்குங்கள்

நோயாளி ஒருவரின் ஸ்கேன் உங்கள் கைக்கு வர வேண்டுமானால், அது பழைய ஸ்கேனாக இருந்தாலும், பெயரை அழித்துத் தந்தாலும், நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் அப்படியொரு குழு இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்திலோ பீடத்திலோ தனிக் குழு இருந்தால் அங்கேயே கேளுங்கள். எந்தக் குழுவுக்குப் போட வேண்டும் என்பதை மேற்பார்வையாளர் ஊடாக எழுத்தில் உறுதி செய்துகொண்டு விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

பொதுவாகக் கேட்பவை இவை: நிரப்பிய விண்ணப்பப் படிவம், ஆய்வுத் திட்டம், காலஅட்டவணை, செலவுக் கணக்கு, ஆய்வாளர்களதும் மேற்பார்வையாளர்களதும் சுயவிபரம், மேற்பார்வையாளரின் கடிதம், தரவு சேகரிக்கும் படிவம், நோயாளிக்கான தகவல் தாள், சம்மதப் படிவம். கடைசி இரண்டும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் ஆய்வு என்றால் சிங்களப் பிரதியை இன்னும் கவனமாகச் செய்யுங்கள். தானியங்கி மொழிபெயர்ப்பைப் போட்டு அனுப்ப வேண்டாம். சிங்களம் தாய்மொழியான ஒருவர் வாசித்துத் திருத்தியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் குறை இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். ஒரு சுற்று தாமதமாகும்.

பழைய ஸ்கேன்களை மட்டும் பயன்படுத்துகிறீர்கள், நோயாளியைத் தேடிப் போக முடியாது என்றால், சம்மதத்திலிருந்து விலக்குக் கேட்டுக் காரணத்தோடு எழுதலாம். குழு முடிவெடுக்கும்.

கவனமாக எழுத வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, "ஆய்வுக்காகப் புதிதாக ஸ்கேன் எடுக்கப்பட மாட்டாது, சிகிச்சைக்காக எடுத்ததையே பயன்படுத்துவோம்" என்ற வரி. தேவையில்லாத கதிர்வீச்சை எந்தக் குழுவும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. இரண்டாவது, தரவு எங்கே, யாரிடம், எவ்வளவு காலம் இருக்கும், எப்படி அழிக்கப்படும் என்பது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட வகையாகவே வைத்திருக்கிறது. "லப்டொப்பில் வைத்திருப்பேன்" என்று எழுதினால் போதாது. மூன்றாவது, முகம். தலை முழுவதையும் எடுத்த ஸ்கேனில் மென்திசுவும் பதிவாகும். பெயரை அழித்தாலும் அதிலிருந்து முகத்தை மீண்டும் உருவாக்கலாம். தாடையின் தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மற்றதை நீக்குவோம் என்று எழுதுங்கள், அப்படியே செய்யுங்கள்.

நெறிமுறை அனுமதி வந்தபின் வைத்தியசாலைப் பணிப்பாளருக்குத் தனிக் கடிதம், துறைத் தலைவர் வழியாக, அனுமதியின் பிரதி இணைத்து. எல்லாவற்றிலும் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். கையளித்த பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள்.

குழுக்கள் தினமும் கூடுவதில்லை. ஒரு கூட்டத்துக்கான கடைசித் திகதியைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம்தான். திருத்தம் கேட்டால் இன்னொன்று. ஆகவே சில மாதங்களை இதற்கென்று ஒதுக்குங்கள். சித்திரைப் புத்தாண்டு, நோன்பு, பெருநாள், கம்பஸ் விடுமுறை எல்லாம் நடுவில் வரும். கட்டணம் மாணவருக்கு ஒன்றாகவும் வெளியாருக்கு வேறாகவும் இருக்கலாம், முன்கூட்டியே கேளுங்கள். மூன்று மொழிப் படிவங்களின் போட்டோக் கொப்பிச் செலவும், கந்தோருக்குப் போய்வரும் பஸ் செலவும் திட்டத்தில் தனி வரியாக வரட்டும்.

4. மென்பொருளும் கணினியும்

மென்பொருளுக்கு ஒரு சதமும் செலவழிக்காமல் முழு ஆய்வையும் முடிக்கலாம். திருட்டுப் பிரதி வேண்டாம். அதில் கணக்கிட்டு அச்சுக்கு அனுப்பினால் உரிமம் பற்றிக் கேட்கும்போது பதில் இராது. ஸ்கேனைப் பிரிக்க 3டி ஸ்லைசர், முக்கோண மேற்பரப்பைத் திருத்த மெஷ்லாப், திருகை வரைய ஃபிரீகேட், கணக்கிடக் கல்குலிக்ஸ், அதற்கு முகப்பாகப் பிரீபோமெக்ஸ். ஐந்தும் இலவசம். பிரீபோமெக்ஸ் விண்டோஸில் மட்டும் இயல்பாக ஓடும். சுருக்கிய கோப்பை விரித்துவிட்டால் போதும், நிறுவத் தேவையில்லை. அன்சிஸ் மாணவர் பதிப்பும் இலவசம்தான். ஆனால் அதில் கணுக்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. எளிய மாதிரி அதற்குள் அடங்கும், முழுத் தாடை அடங்காது. பாதி வழியில் மென்பொருள் மாற்றுவது பெரிய இழப்பு, இப்போதே முடிவெடுங்கள்.

கணினியில் முக்கியம் நினைவகம். 8 ஜீபியில் ஸ்லைசரே மூச்சு வாங்கும். 16 ஜீபியை ஆகக் குறைந்த அளவென்று வையுங்கள், 32 இருந்தால் நிம்மதி. புது லப்டொப் வாங்குவதைவிட, இருப்பதில் நினைவகத்தைக் கூட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். மாரி காலத்தில் மின்சாரம் போய்ப்போய் வரும். இரவு முழுக்க ஓடும் கணக்குகளை அந்த மாதங்களுக்குத் தள்ளாதீர்கள், அல்லது யூ.பி.எஸ். ஒன்றைச் செலவுக் கணக்கில் சேருங்கள். பெரிய கோப்புகளைக் கம்பஸ் ஆய்வுகூடத்தில் பதிவிறக்கிப் பென் ட்ரைவில் கொண்டுவந்தால் வீட்டு டேட்டா மிஞ்சும்.

5. ஸ்கேன் வரும்வரை பெட்டி மாதிரி

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் எவருடைய ஸ்கேனும் தேவைப்படாத ஒரு மாதிரியைக் கட்டி, முழு வேலையையும் ஒருமுறை தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டிப் பாருங்கள். பல ஆய்வுகள் இந்தப் பெட்டியோடே நிற்கின்றன. உங்கள் கேள்வி விட்டம் பற்றியதென்றால் உங்களுக்கும் இதுவே போதுமாக இருக்கலாம்.

கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியை ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் உயரம், 16 மில்லிமீற்றர் அகலம், 30 மில்லிமீற்றர் நீளமுள்ள கட்டையாக வரையுங்கள். வெளியே 2 மில்லிமீற்றர் தடிப்பில் கடினமான வெளியெலும்பு, உள்ளே பஞ்செலும்பு. நடுவில் 4 மில்லிமீற்றர் விட்டம், 10 மில்லிமீற்றர் நீளமுள்ள உருளை. முதல் மாதிரியில் திருகுவரி வேண்டாம், வழுவழுப்பான உருளையே போதும். எலும்பு மட்டத்துக்கு மேலே 11 மில்லிமீற்றர் வரை அதை உயர்த்துங்கள். இந்த 11 நான் நினைத்தபடி போட்டதல்ல. இம்பிளான்ட்டுகளின் களைப்புச் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 14801 நியமத்தில் பிடிமான மட்டத்திலிருந்து சுமை விழும் புள்ளிக்கு உள்ள தூரம் அது. அச்சுக்கு 30 பாகை சாய்வில் சுமை கொடுப்பதும் அதே நியமத்தில் வருவது.

இனிக் கையால் ஒரு கணக்கு. 100 நியூட்டன் விசையை அச்சுக்கு 30 பாகை சாய்வில் உச்சியின் நடுவில் கொடுங்கள். பக்கவாட்டுக் கூறு 50 நியூட்டன், கீழ்நோக்கிய கூறு 86.6 நியூட்டன். எலும்பு மட்டத்தில் திருப்பம் 50 × 11 = 550 நியூட்டன் மில்லிமீற்றர். 4 மில்லிமீற்றர் உருளையில் இதனால் வரும் வளைவுத் தகைப்பு ஏறக்குறைய 87.5 மெகாபஸ்கால். கீழ்நோக்கிய கூறு தருவது 6.9 மெகாபஸ்கால் அமுக்கம். ஆக, எலும்பு மட்டத்தில் உருளையின் ஒரு பக்கத்தில் 94 மெகாபஸ்கால் வரை அமுக்கமும், எதிர்ப்பக்கத்தில் 81 மெகாபஸ்கால் வரை இழுவையும் இருக்க வேண்டும். எலும்பு விளிம்புக்குச் சற்று மேலே உங்கள் மாதிரி இதற்குக் கிட்டிய எண்ணைத் தருகிறதா? தந்தால் அலகு, திசை, சுமை மூன்றும் சரி. ஆயிரம் மடங்கு வேறுபட்டால் அலகுக் கோளாறு. பிடித்திருக்கும் முகங்களின் மறுதாக்க விசைகளைக் கூட்டிப் பாருங்கள், 86.6, 50 இரண்டும் அப்படியே திரும்பி வர வேண்டும். இந்தச் சோதனையைக் கடக்காத மாதிரியில் வண்ணப் படம் பார்த்துப் பயனில்லை.

அலகுகளில் ஒரே ஒழுங்கு: மில்லிமீற்றர், நியூட்டன், மெகாபஸ்கால். கல்குலிக்ஸுக்கு அலகு தெரியாது. எண்ணை மட்டும்தான் அது பார்க்கும்.

6. பொருட்பண்புகள்

ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளும் பெறுமானங்கள், யங்கின் மட்டு (பொருளின் விறைப்பு) முதலில், புவாசோனின் விகிதம் (ஒரு திசையில் நீளும்போது குறுக்கே சுருங்கும் விகிதம்) பின்னர்:

வெளியெலும்பு: 13,700 மெகாபஸ்கால், 0.30
பஞ்செலும்பு: 1,370 மெகாபஸ்கால், 0.30
டைட்டேனியக் கலப்புலோகம்: 110,000 மெகாபஸ்கால், 0.35
ஸிர்கோனியா: 210,000 மெகாபஸ்கால், 0.30

டைட்டேனியம் வெளியெலும்பைவிட எட்டு மடங்கு விறைப்பானது என்பதை இங்கே கவனியுங்கள். தகைப்பு கழுத்தில் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம். பஞ்செலும்பின் பெறுமானம் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மிகவும் மாறும். மேல்தாடையின் பின்பகுதிக்குக் கீழ்த்தாடை எண்ணைப் போடாதீர்கள். லெக்ஹோம், ஸார்ப் இருவரின் நான்கு வகை எலும்புப் பிரிப்பில் உங்கள் இடம் எந்த வகை என்று பல் வைத்தியரிடம் கேட்டு, அதற்கேற்ப வெளியெலும்பின் தடிப்பையும் பஞ்செலும்பின் மட்டையும் தெரிவு செய்யுங்கள். பிறகு பஞ்செலும்பின் மட்டைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் ஓட்டுங்கள். உங்கள் முடிவின் வரிசை மாறாவிட்டால் அதை நம்பலாம்.

7. சுமை, பிடிப்பு, ஒட்டு

நேர்கீழான சுமையை மட்டும் கொடுத்து முடிக்கும் ஆய்வு அரைகுறை. எலும்பை வருத்துவது பக்கவாட்டுக் கூறுதான். ஈரமண்ணில் நட்ட வேலிக்கட்டையின் தலையைப் பிடித்து ஆட்டினால் மேல்மண்தான் முதலில் விலகும். இம்பிளான்ட்டின் கழுத்தைச் சுற்றிய எலும்பின் நிலையும் அதுதான். ஆகவே நேர்சுமை ஒன்று, சாய்சுமை ஒன்று என இரண்டையும் ஓட்டுங்கள். 100 முதல் 200 நியூட்டன் வரை பலர் எடுப்பது வழக்கம். கடைவாயில் முழுப்பலத்துடன் கடிக்கும் விசை அதைவிடப் பல மடங்கு போகலாம். மாதிரி நேர்கோட்டு நடத்தையுடையதென்றால் 100 நியூட்டனுக்குக் கணக்கிட்டுப் பெருக்கிக்கொள்ளலாம்.

பிடிப்பைக் கட்டையின் இரண்டு முனை முகங்களில் வையுங்கள். அடியில் மட்டும் பிடித்தால் கட்டை வளைய இடமின்றிப் போகும். பிடித்த முகம் இம்பிளான்ட்டுக்கு அருகில் இருந்தால் தகைப்புப் படம் கெடும். கட்டையை இன்னும் 10 மில்லிமீற்றர் நீட்டிப் பார்த்து முடிவு மாறாத நீளத்தை எடுங்கள். முழுத் தாடையென்றால் இரு மூட்டுகளிலும் பிடித்துத் தசை விசைகளும் கொடுக்க வேண்டும். முதல் ஆய்வுக்கு அந்தச் சுமை வேண்டாம்.

எலும்பும் திருகும் முழுமையாகப் பிணைந்துவிட்ட நிலையா, வைத்த அன்றே பல் ஏற்றும் நிலையா என்று தீர்மானியுங்கள். கீழ்த்தாடையில் 3 மாதம், மேல்தாடையில் 6 மாதம் என்பது பழைய வழக்கமான காத்திருப்பு. அதன்பின் உள்ள நிலைக்கு ஒட்டிய தொடர்பு பொருந்தும். உடனடிச் சுமைக்கு உராய்வுத் தொடர்பு வேண்டும்; உராய்வுக் குணகம் 0.3 என்று பலர் எடுக்கிறார்கள். உராய்வு வந்ததும் கணக்கு நேர்கோட்டில் நிற்காது, பெருக்கிக்கொள்ளும் வசதி போய்விடும், நேரமும் பல மடங்காகும்.

8. வலை

நான்கு கணு நான்முகி மூலகத்தைத் தவிருங்கள். அது விறைப்பைக் கூட்டிக் காட்டும். பத்துக் கணு மூலகம் எடுங்கள். கழுத்தைச் சுற்றி 0.2 மில்லிமீற்றர், தூரத்தில் 1 மில்லிமீற்றர் என்று தொடங்கலாம். எலும்பும் திருகும் வெவ்வேறு பொருள்களாக இருந்தாலும் பொது முகத்தில் கணுக்கள் பொதுவாக இருக்க வேண்டும். ஃபிரீகேட்டில் பூலியன் துண்டாக்கலும் பிரீபோமெக்ஸில் கூட்டுப் பகுதியும் இதற்குத்தான். இல்லாவிட்டால் திருகு எலும்புக்குள் ஒட்டாமல் மிதக்கும், கணக்கு நின்றுவிடும்.

அடுத்து, வலையை நுணுக்கி நுணுக்கி மூன்று நான்கு தடவை ஓட்டி, நீங்கள் அறிக்கையில் கொடுக்கப்போகும் எண் 5 வீதத்துக்குக் குறைவாகவே மாறுகிறதா என்று பாருங்கள். இங்கே ஒரு பொறி. கூர்மூலைகளிலும், எலும்பின் மேல்விளிம்பு திருகைத் தொடும் வட்டத்திலும் உச்சத் தகைப்பு நிற்கவே நிற்காது. வலை நுணுக நுணுக ஏறிக்கொண்டே போகும். அது எலும்பில் நடப்பதல்ல, வடிவம் செய்யும் வேலை. அந்த ஒற்றைக் கணுவின் எண்ணை முடிவாக எழுதாதீர்கள். விளிம்பிலிருந்து நிலையான தூரத்தில், சொல்லப்போனால் 0.5 மில்லிமீற்றரில், உள்ள பெறுமானத்தையோ, கழுத்தைச் சுற்றிய குறிப்பிட்ட கனவளவின் சராசரியையோ எல்லா மாதிரிகளிலும் ஒரே விதமாக எடுங்கள். கூர்மூலைக்குச் சிறு வளைவு கொடுப்பதும் உதவும்.

திருகுவரி சேர்க்கும்போது சுருள் வடிவத்தை வரைவது கடினம், வலையும் கனக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக வளையங்களாக வரைவது பலர் ஏற்றுக்கொண்ட எளிமைப்படுத்தல். அறிக்கையில் அதைச் சொல்லிவிடுங்கள். கம்பனிகள் வரைபடக் கோப்பைத் தருவது அரிது. விபரப் பட்டியலில் விட்டமும் நீளமும் இருக்கும், வரியின் வடிவம் இராது. பல் வைத்தியரிடம் காலாவதியான ஒன்று கிடைத்தால் வேணியர் இடுக்கியாலும் நுண்மானித் திருகுக் கணிச்சியாலும் அளந்து, அளவுகோலை அருகில் வைத்துக் கிட்டப் படம் எடுத்து வரையலாம். கம்பனியின் பெயர் அறிக்கையில் வேண்டாம், "4.0 × 10 மில்லிமீற்றர், வரியிடைவெளி 0.8 மில்லிமீற்றர்" என்பது போல அளவுகள் போதும்.

9. ஸ்கேனிலிருந்து தாடை

அனுமதி வருமுன் பழக, 3டி ஸ்லைசரின் மாதிரித் தரவுப் பகுதியில் பல், தாடைக் கூம்புக்கதிர் ஸ்கேன் (பல் மருத்துவத்தில் எடுக்கும் முப்பரிமாண எக்ஸ்ரே) ஒன்று இருக்கிறது. அதில் கை பழகிவிடுங்கள்.

உண்மையான ஸ்கேன் வரும்போது முதலில் கேட்க வேண்டியது டைக்கொம் கோப்புகள், அதாவது ஸ்கேன் இயந்திரம் தரும் மூலக் கோப்புகள். சில சீ.டி.களில் பார்ப்பதற்கான மென்பொருளும் படங்களும் மட்டும் இருக்கும். அவற்றிலிருந்து முப்பரிமாணம் எடுக்க முடியாது. இன்றைய லப்டொப்களில் சீ.டி. போடும் வசதியும் இராது, வெளி ட்ரைவ் ஒன்றை இரவல் வாங்கி வையுங்கள். வொக்சல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்) அளவைப் பாருங்கள்: 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர் வரை என்றால் நல்லது. பழைய உலோக அடைப்புகள் இருந்தால் கோடு கோடாகக் கீறல் விழுந்திருக்கும். உங்களுக்கு வேண்டிய இடத்தில் அந்தக் கீறல் இல்லாத ஸ்கேனைத் தெரிவு செய்யுங்கள். பெயர் நீக்குவது ஸ்கேன் வைத்திருக்கும் இடத்திலேயே நடக்க வேண்டும். ஸ்லைசரில் வெட்டியபின் என்.ஆர்.ஆர்.டி. வடிவில் சேமித்தால் டைக்கொம் தலைப்புத் தகவல்கள் கூட வராது. ஆனால் கோப்பின் பெயரிலேயே நோயாளி பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் மாற்றுங்கள்.

கூம்புக்கதிர் ஸ்கேனின் சாம்பல் பெறுமானங்கள் சாதாரண சீ.ரி. ஸ்கேன் போல அளவுதிருத்தம் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே அவற்றிலிருந்து அடர்த்தியும், அடர்த்தியிலிருந்து யங்கின் மட்டும் எடுக்கும் வழியில் போகாதீர்கள். வெளி எல்லையை மட்டும் ஸ்கேனிலிருந்து எடுங்கள். அதை வாசல் பெறுமானத்தால் (இந்தச் சாம்பல் அளவுக்கு மேல் எலும்பு என்ற எல்லையால்) பிரித்து, தீவுகளை நீக்கி, ஓட்டைகளை அடைத்து, மெல்ல மழுப்புங்கள் (கரடுமுரடை வழுவழுப்பாக்குங்கள்). பிறகு செக்மென்ட் எடிட்டரில் உள்ள உட்குடைவுக் கருவியால் வெளியிலிருந்து 1.5 அல்லது 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஓடு போன்ற படையை வெளியெலும்பாகவும், உள்ளே மிஞ்சுவதைப் பஞ்செலும்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் தடிப்பு இடத்துக்கிடம் மாறும். ஆனால் மங்கலான எல்லையைக் கையால் வரைந்து மாதம் கழிப்பதைவிட, எல்லா மாதிரிக்கும் ஒரே தடிப்பு என்பது ஒப்பீட்டுக்கு நேர்மையானது.

மழுப்பலை அதிகமாக்கினால் மெல்லிய மேட்டு எலும்பு (பல் இருந்த இடத்தின் மேல்விளிம்பு) கரைந்துபோகும். உங்கள் கேள்வியே அந்த மேட்டில்தான் இருக்கிறது. மழுப்பிய மேற்பரப்பை மூல ஸ்கேனின்மேல் போட்டுப் பார்த்துப் பல் வைத்தியரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். நரம்புக் குழாய் எங்கே போகிறது என்பதையும் அவரே குறிக்கட்டும். திருகின் நுனிக்கும் அதற்கும் குறைந்தது 2 மில்லிமீற்றர் இடைவெளி விடுவது சிகிச்சையில் உள்ள வழக்கம்.

வெளியே எடுக்கும் எஸ்.ரி.எல். கோப்பில் இலட்சக்கணக்கான முக்கோணங்கள் இருக்கும். மெஷ்லாப்பில் சில பத்தாயிரங்களாகக் குறையுங்கள். தனக்குள் தானே வெட்டும் முகம், திறந்த விளிம்பு ஒன்றுகூட இருந்தாலும் கனவலை உருவாகாது. இந்தத் துப்புரவு வேலைக்கு முழு ஆய்வின் கணினி நேரத்தில் பாதியை ஒதுக்குங்கள். முழுத் தாடையை எடுக்காமல் இம்பிளான்ட் இடத்தின் இருபுறமும் சுமார் 15 மில்லிமீற்றர் விட்டு வெட்டி எடுத்தால் வேலை பெருமளவு குறையும்.

10. முடிவை வாசிப்பது

திருகுக்கு வொன் மிசஸ் தகைப்பை (எல்லாத் திசைத் தகைப்புகளையும் ஒரே எண்ணாக்கியதை) பாருங்கள், ஏனெனில் அது நீளக்கூடிய உலோகம். எலும்புக்கு முதன்மைத் தகைப்புகள்: அமுக்கத்துக்கு ஆகக் குறைந்தது (அமுக்கம் மறை எண்ணாக வரும்), இழுவைக்கு ஆகக் கூடியது. எலும்பு அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்காது. வெளியெலும்பின் அமுக்க வலிமை ஏறக்குறைய 170 மெகாபஸ்காலுக்கு மேல், இழுவை வலிமை 100 முதல் 130 மெகாபஸ்கால் வரை என்பது பொதுவாக எடுத்தாளப்படும் அளவு. வொன் மிசஸ் படத்தை மட்டும் ஒட்டினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

விகாரத்தையும் (நீளம் மாறும் விகிதம்; அதில் மில்லியனில் ஒரு பங்கு ஒரு நுண்விகாரம்) கொடுங்கள். எலும்பு சுமைக்கேற்ப மாறுவதை விளக்கிய ஃபுரொஸ்ட்டின் கோட்பாட்டின்படி 3,000 நுண்விகாரத்துக்கு மேல் தொடர்ந்து ஏறினால் எலும்பு பழுதுபார்ப்பதைவிட வேகமாகச் சேதப்படத் தொடங்கும். 13,700 மெகாபஸ்கால் எலும்பில் ஒற்றைத் திசையில் அது சுமார் 41 மெகாபஸ்கால். உடையும் அளவைவிட மிகக் கீழே. "உடையாது, ஆகவே பாதுகாப்பு" என்று எழுதும்முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

படங்களில் வண்ண அளவுகோலை எல்லா மாதிரிக்கும் ஒரே எல்லைக்குப் பூட்டுங்கள். மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தானே எல்லை வைத்தால், குறைந்த தகைப்புள்ள மாதிரியும் சிவப்பாகத் தெரியும். விட்டம் கூடும்போது கழுத்துத் தகைப்பு தெளிவாகக் குறைவதையும், நீளம் கூடும்போது கழுத்தில் அவ்வளவு மாற்றம் இல்லாததையும் நீங்கள் காண வேண்டும். உங்கள் மாதிரி இதற்கு நேர்மாறாகச் சொன்னால், புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதுமுன் பிடிப்பையும் தொடர்பையும் சரிபாருங்கள்.

11. ஒப்படைக்கும் நேரம்

அறிக்கையில் மென்பொருளின் பதிப்பு எண், மூலக வகை, கணு எண்ணிக்கை, ஒவ்வொரு பொருட்பண்பும் எங்கிருந்து எடுத்தது, வலைச் சோதனை அட்டவணை ஆகியவை இருக்கட்டும். கல்குலிக்ஸ் உள்ளீட்டுக் கோப்பு எழுத்துக் கோப்புத்தான். அதைச் சுருக்கி இரண்டு இடங்களில் வையுங்கள், ஓர் ஆண்டு கழித்து மதிப்பீட்டாளர் கேட்டால் உடனே ஓட்டிக் காட்டலாம். முடிவை, உங்களுக்கு உதவிய பல் வைத்தியருக்கு ஒரு பக்கத்தில், சூத்திரம் இல்லாமல், எழுதிக் கொடுங்கள். இது ஒரு மாதிரியின் ஒப்பீடு, எந்த ஒரு நோயாளிக்கும் சிகிச்சை முடிவெடுக்கத் தனியாகப் போதாது என்ற வரி அதில் இருக்க வேண்டும்.

நெறிமுறைக் குழுவுக்கு நிறைவு அறிக்கை அனுப்புங்கள். அனுமதிக் காலம் முடிவதற்குள் வேலை முடியாவிட்டால் நீடிப்புக் கடிதம் முன்கூட்டியே போக வேண்டும். காலாவதியானபின் எடுத்த தரவைப் பயன்படுத்த முடியாது. விண்ணப்பத்தில் எழுதிய திகதியில் ஸ்கேன் கோப்புகளை அழித்து, அழித்த விபரத்தை மேற்பார்வையாளரிடம் கையெழுத்தோடு பதிவு செய்துகொள்ளுங்கள். பென் ட்ரைவில் கிடக்கும் பிரதியும் அதில் சேரும்.